இருபத்தோராவது வீடு

தம்பியின் முப்பத்தோராம் நாளுக்கு வந்து, சாப்பிட்டு, என் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனீர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அறுபத்தைந்து தாண்டியும் ஆளையாள் "எடி" போட்டுக் கூப்பிடுகிறவர்கள். போகும்போது உங்களில் ஒருத்தி வாசல் படலையடியில் வைத்துக் கேட்டாள், தம்பி சின்ன வயதிலிருந்தே இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தது ஏன் என்று. "காய்ச்சல் வந்ததடி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பொய்யில்லை. ஆனால் எங்கள் அம்மாவிடம் கேட்டிருந்தால் வேறு மறுமொழி வந்திருக்கும். "இருபத்தோராவது வீடு அரிசி தரேல்லை, அதுதான்" என்றிருப்பார். சாகும்வரை அப்படித்தான் சொன்னார்.

அந்த வீட்டு வாசலில் அம்மாவோடு நின்றது நான். எனக்கு அப்போது ஒன்பது வயது. அங்கே என்ன நடந்தது என்பது இத்தனை வருடமாக எனக்கு விளங்கவில்லை. போன மாதம் விளங்கினமாதிரி இருந்தது. இப்போது எழுத இருந்தால் மறுபடியும் குழம்புகிறது. நீங்களே வாசித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

தம்பிக்கு அப்போது நாலு வயது. மாசி மாதம் ஒரு காய்ச்சல் வந்து பத்து நாள் கிடந்தான். காய்ச்சல் விட்டது, கால் எழும்பவில்லை. அதற்கு முதல் வாரம்வரை மாட்டுக்கன்றைத் துரத்திக்கொண்டு திரிந்த பிள்ளை, விறாந்தைப் பாயில் இருந்து கையால் உடம்பை இழுத்து இழுத்துப் போனான். தெல்லிப்பழை ஆசுபத்திரியில் டொக்டர் காலை அமத்திப் பார்த்துவிட்டு, "பயப்பிடாதேங்கோ. பிடிச்சுப் பிடிச்சு நிப்பாட்டுங்கோ. அழுதாலும் விடாதேங்கோ" என்றார். அம்மாவுக்கு அதுதான் ஏலாத காரியம். அவன் வாயைக் கோணினாலே தூக்கி இடுப்பில் வைத்துவிடுவார். அம்மாவின் தமக்கை, எங்கள் பெரியம்மா, எங்கள் வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம். அவர் சொன்னார்: "பிள்ளையை ஏன் வதைக்கிறாய்? அம்மாளுக்கு மடிப்பிச்சை நேந்து கொள்."

மடிப்பிச்சை என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் பேரப்பிள்ளைகள் வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டில் நெல்லுக் குவிந்து கிடந்தாலும், மஞ்சளில் தோய்த்த சேலையைக் கட்டி, காலில் செருப்பில்லாமல், முன்றானையை மடியாக ஏந்தி வீடு வீடாக நிற்க வேண்டும். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி. அந்த அரிசியில் பங்குனித் திங்களன்று அம்மன் கோயிலில் பொங்க வேண்டும். இருக்கிறவள் இல்லாதவளாக நிற்பதுதான் நேர்த்தி. பெரியம்மா கணக்கும் வைத்துக் கொடுத்தார்: இருபத்தொரு வீடு, ஒரே நாளில், பொழுது படுமுன். ஒரு வீடு குறைந்தாலும் நேர்த்தி நிறையாது.

அம்மா தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். தன்னைத் தெரிந்த எங்கள் ஊரில் நிற்கமாட்டாராம். "உடுவிலிலை ஒரு படலையிலை நிண்டால் போதும், நான் வீட்டை வர முன்னம் சந்தைக்குக் கதை போயிடும்" என்றார். பிச்சை கேட்கிற நேர்த்தியையும் ஆளுக்குத் தெரியாமல் செய்யப் பார்த்த அம்மாவை இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. அப்படித்தான் விடியவே இரண்டு பஸ் மாறி வல்வெட்டித்துறைக்குப் போனோம். தம்பியைப் பெரியம்மாவோடு விட்டாயிற்று. அரிசி போட ஓலை உமலைத் தூக்கிக்கொண்டு நான்.

நான் அதற்கு முதல் கடலைக் கண்டதில்லை. ஒவ்வொரு தெரு, ஒழுங்கையின் முடிவிலும் அது ஒரு துண்டு நீலமாக நின்றது. காயப் போட்ட மீனின் மணம், தார் மணம், வலைகளுக்கு நடுவே கோழிகள். பங்குனி மாதம் பகல்வழி நடந்தவன் பாவி என்பார்கள். அந்தப் பாவத்தை அன்றைக்கு நாங்கள் முழுதாகச் செய்தோம். மணல் காலைச் சுட்டது. அம்மா தலையில் முக்காட்டை இழுத்து விட்டிருந்தார். காலையிலிருந்து ஒருக்காலும் தலையை நிமிர்த்தவேயில்லை. தன் கால்விரலைத்தான் பார்த்து நடந்தார். நான்தான் முன்னுக்குப் போய், "அம்மா, வீடு வந்திட்டுது" என்று சொல்வேன். அவர் நின்று மடியை ஏந்தி, "அம்மாளுக்கு நேத்தி" என்று நிலத்துக்குச் சொல்வார். இதை மறந்துவிடாதீர்கள். அம்மா எந்த வீட்டையும் பார்க்கவில்லை. பார்த்தது முழுக்க நான்.

சனங்கள் நல்ல சனங்கள். ஒருத்தர்கூட இல்லையென்று சொல்லவில்லை. ஒரு வீட்டில் பிடி அரிசியைப் போட்டுவிட்டு அம்மாவின் மடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். இருபது வீடு முடிய வெயில் சாய்ந்துவிட்டது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஒழுங்கைக் கடைசியில், கடலுக்குக் கிட்ட, மதில் கட்டிய பெரிய வீடு ஒன்று திறந்து கிடந்தது.

"அம்மா, வீடு வந்திட்டுது. பெரிய வீடு" என்றேன்.

அங்கே நான் கண்டதை, கண்டபடி சொல்கிறேன். படலைக் கம்பியில் காய்ந்த தென்னோலைத் துண்டுகள் தொங்கின. விறாந்தையில் கதிரை ஒன்றுமில்லை, பாய்தான் விரித்திருந்தது. மூலையில் ஒரு மூட்டை அரிசி, வாய் திறந்தபடி. உள்ளே, பகல் வெளிச்சத்திலேயே ஒரு விளக்கு எரிந்தது. விளக்கடியில் ஒரு சின்னப் பேணியில் பால், பக்கத்தில் தட்டில் ஒரு பிஸ்கற், மேலே சீனி தூவினது. காலையிலிருந்து விரதம். அந்தப் பிஸ்கற்றை எனக்குத் தருவார்களா என்பதைத்தான் நான் யோசித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு அக்கா வெளியே வந்தார். முப்பது வயது இருக்கலாம். தலை முடியவில்லை. நெற்றி வெறுமையாக இருந்தது. அம்மாவின் மடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆருக்கு மோனை நேத்தி?"

"தம்பிக்கு" என்றேன். "நாலு வயசு. காய்ச்சல் வந்து இப்ப நடக்கிறானில்லை."

அம்மா என் கையில் கிள்ளினார். அந்த அக்கா வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். திறந்த வாயை மூடி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"இஞ்சை தர ஏலாது" என்றார். "வேறை வீட்டை போங்கோ."

அவ்வளவுதான். ஏன் என்று ஒரு சொல் இல்லை. மூட்டை அரிசி அவருக்குப் பின்னால் இருந்தது.  பிறகு அம்மா திரும்பி விறுவிறென்று நடந்தார், அழுகிறாரா என்று தெரியாதபடி முக்காட்டை இன்னும் இழுத்துக்கொண்டு. நான் உமலோடு பின்னால் ஓடினேன்.

பாதி ஒழுங்கை வந்திருப்போம். பின்னால் கால் சத்தம் கேட்டுத் திரும்பினால், அந்த அக்கா ஓடி வருகிறார். விரித்த தலையோடு, வெறுங்காலோடு, இடுப்பில் ஒரு மரச் சாமானைத் தூக்கிக்கொண்டு. அதிலிருந்து தண்ணீர் சொட்டிச் சேலை நனைந்திருந்தது. மதிலுக்கு மேலால் ஒரு பெண் எட்டிப் பார்த்து, "எடியே, எங்கை போறாய்? உள்ளுக்கு வா" என்று கூப்பிட்டார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. எங்களுக்கு மூன்று அடி தள்ளி நின்று, அந்தச் சாமானை மணலில் வைத்தார். வைத்துவிட்டுப் பின்னுக்குப் போய் நின்றார்.

அது ஒரு நடைவண்டி. சின்னப் பிள்ளைகள் பிடித்து நடந்து பழகுகிற மூன்று சில்லு வண்டி.

"தம்பியைப் பிடிச்சு நிக்க விடுங்கோ" என்றார். "நிப்பான்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். போகும்போது ஓடவில்லை.

அம்மா அப்போதுதான் அன்றைக்கு முதன்முதலாகத் தலையை நிமிர்த்தினார். பார்த்தது மணலில் கிடந்த வண்டியை மட்டும்தான். "ஒரு பிடி அரிசி தர மனமில்லை. கழிச்ச சாமானைக் கொண்டுவந்து, கையிலையும் தராமல், நாய்க்குச் சோறு வைக்கிறமாதிரி நிலத்திலை வைச்சிட்டுப் போறாள்" என்றார். "விடு உதை. வா."

நான் விடவில்லை. ஏன் விடவில்லை என்றால், எனக்கு அந்த வண்டி வேண்டும், அவ்வளவுதான். நல்ல பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கையில் உமல், மற்றக் கையில் வண்டி. பஸ்ஸில் கொண்டக்டர் ஒன்றும் கேட்காமல் வாங்கிச் சாரதிக்குப் பின்னால் செருகி வைத்தார். வழியில் நான்தான் ஒருக்கால் கேட்டேன்: "ஏனம்மா அந்த வீட்டிலை பகலிலை விளக்குக் கொளுத்தியிருக்கு?"

"வாயை மூடிக்கொண்டு வா" என்றார் அம்மா.

அந்த ஒரு கேள்விக்கு அம்மா காது கொடுத்திருந்தால் எங்கள் வீட்டில் ஐம்பது வருடக் கோபம் ஒன்று இல்லாமல் போயிருக்கும். ஆனால் களைத்துப்போன, அவமானப்பட்ட ஒரு தாயிடம் ஒன்பது வயதுப் பெட்டை பஸ்ஸுக்குள் விளக்கைப் பற்றிக் கேட்டால், வேறென்ன மறுமொழி வரும்?

வீட்டில் பெரியம்மா வண்டியைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம். "ஆற்றையோ வீட்டுக் கழிசல். உள்ளுக்குக் கொண்டு வராதை" என்றார். அது மாட்டுக்கொட்டிலுக்குப் போனது. திங்கட்கிழமை இருபது வீட்டு அரிசியில் பொங்கினோம். அம்மா கோயில் வீதியில் விழுந்து, ஒரு வீடு குறைந்ததற்கு மன்னிப்புக் கேட்டு அழுதார். பொங்கலில் புகை மணத்தது. தம்பி பெரியம்மாவின் மடியில் இருந்து கால் இரண்டையும் தொங்கப் போட்டுக்கொண்டு சாப்பிட்டான். நேர்த்தி முடிந்தது, கால் வரவில்லை.

ஒரு நாள் அம்மா தோட்டத்தில் வெங்காயம் கிண்டப் போயிருந்தார். பெரியம்மா கோயிலுக்கு. நான் தம்பியை முதுகில் காவிக்கொண்டு மாட்டுக்கொட்டிலுக்குப் போனேன். வண்டிக்கு வள்ளத்துக்கு அடிக்கிற நீல மை பூசியிருந்தது. கைபிடியில் மட்டும் மை இல்லை. அங்கே சின்னச் சின்னப் பல்லுத் தடம், வரிசையாக. எவனோ ஒருவன் பல்லு முளைக்கும் காலத்தில் கடித்துப் பார்த்திருக்கிறான். தம்பியும் முதல் வேலையாக அதே இடத்தில் வாயை வைத்துக் கடித்தான். பிறகு பிடித்து எழும்பினான். கால் நடுங்கியது. நான் பிடிக்கவில்லை, சத்தியமாகப் பிடிக்கவில்லை. நின்றான்.

சில்லுச் சத்தம்தான் எங்களைக் காட்டிக்கொடுத்தது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கிரீச், கிரீச் என்று கேட்டுக்கொண்டு அம்மா வந்து கொட்டில் வாசலில் நின்றார். கையில் மண் ஒட்டிய வெங்காயப் பிடி. தம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு அடி வைத்தான், விழுந்தான், அழுதான். அம்மா தூக்கவில்லை.  அடுத்த நாள் பார்த்தால் சில்லுக்கு நல்லெண்ணெய் விட்டிருந்தது.

ஆடிப்பிறப்புக்குக் கூழ் குடிக்கத் தம்பி தானாக நடந்து வந்தான். பெரியம்மா அம்மாளின் அருள் என்றார். டொக்டர் தான் சொன்னபடி செய்ததால்தான் என்றார். அம்மா எல்லாருக்கும் தலையாட்டினார். அந்த இடது கால் இழுவை மட்டும் போகவில்லை. அதைக் காணும்போதெல்லாம், "அந்த வீட்டுக்காரி ஒரு பிடி தந்திருந்தால் என்ரை பிள்ளை நேராய் நடந்திருப்பான்" என்பார். சில்லுக்கு எண்ணெய் விட்டதும் அதே அம்மாதான். இதை எப்படிப் பொருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. வண்டி என் கல்யாணம் வரைக்கும் பரணில் கிடந்தது. பிறகு சண்டையில் ஊரை விட்டு ஓடின காலத்தில் வீடே போனது. வண்டியை யார் தேடினார்கள்?

இனிப் போன மாதத்துக்கு வருகிறேன்.

தம்பி போய்ப் பன்னிரண்டாம் நாள். பின்னேரம். வீட்டில் நான் தனி. உள்ளே விளக்கு எரிந்தது. விளக்கடியில் அவனுக்குத் தேத்தண்ணியும், அவன் கடித்துக் குடிக்கிற பனங்கட்டித் துண்டும் வைத்திருந்தேன். படலையில், "அம்மா, நேத்தி" என்று சத்தம் கேட்டது. இந்தக் காலத்திலும் மடிப்பிச்சையா என்று போய்ப் பார்த்தேன். மஞ்சள் சேலை, ஏந்திய மடி, இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. குழந்தையின் தலை தாயின் தோளில் கிடந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

துடக்கு வீடு, தரக்கூடாது. சாவு நடந்து முப்பத்தொரு நாள் கழியாத வீட்டு அரிசி அம்மன் பொங்கலுக்கு ஆகாது, நேர்த்தி கெட்டுவிடும். அதைச் சொல்லத்தான் போனேன். சின்ன விஷயம். "செத்தவீடு, பிள்ளை" என்றால் அவர்களே விலகிப் போய்விடுவார்கள்.

"ஆருக்கு நேத்தி?" என்று கேட்டேன்.

"இவவுக்குத்தான் அம்மா. இருதயத்திலை ஓட்டை. வாற கிழமை ஒப்பரேசன்."

வாயைத் திறந்தேன். செத்தவீடு என்ற சொல் தொண்டைவரை வந்தது. உயிர் கேட்டு வந்தவள். அவள் ஏந்திய மடியில் இந்தச் சொல்லையா போடுவது? இதைக் கேட்டுக்கொண்டு அவள் எப்படி ஆசுபத்திரிக்குப் போவாள்? வாயை மூடிக்கொண்டேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், ஏனென்று தெரியாது.

"இஞ்சை தர ஏலாது" என்றேன். "வேறை வீட்டை போங்கோ."

அவள் முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அன்றைக்கு முக்காட்டுக்குள் இருந்த அம்மாவின் முகம். பிறகு திரும்பி நடந்தாள்.

 அரிசிதானே ஆகாது, வேறேதாவது கொடுக்கலாமே என்று உள்ளே ஓடினேன். தம்பியின் சாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த அவன் பேத்தி விட்டுப்போன சிவப்புப் பந்து ஒன்று அலுமாரிக்குள் கிடந்தது. எடுத்தேன். துடக்கு வீட்டுச் சாமான், அப்படியே கொடுக்கலாமா? குழாயடிக்குக் கொண்டுபோய் மஞ்சள் கரைத்துக் கழுவினேன். பந்திலிருந்து தண்ணீர் சொட்டிச் சேலையில் விழுந்தது. மஞ்சள் மணந்தது.

அங்கேயே நின்றுவிட்டேன். வண்டியைக் காவியதில் பஸ்ஸில் அன்றைக்கு என் மடியெல்லாம் ஈரம். வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றும்போது, "உனக்கு ஆரடி மஞ்சள் பூசினது?" என்று பெரியம்மா கேட்டதும், அம்மாவின் சேலை மஞ்சள் என்று நாங்கள் நினைத்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. விளக்கு. படலையில் சாவுத் தோரணத்து ஓலை. பேணியில் பால். பிஸ்கற். கையில் தராமல் நிலத்தில் வைத்தது, தன் துடக்கு எங்கள் நேர்த்தியில் தொட்டுவிடக்கூடாது என்று. அதைக் கண்ட ஒன்பது வயதுக்கு விளங்கவில்லை. விளங்கியிருக்கக்கூடிய அம்மா தலையை நிமிர்த்தவில்லை. அந்தப் பல்லுத் தடம் யாருடையது என்று நினைத்துப் பார்த்தேன்.

ஆனால் பாருங்கள், இதெல்லாம் நானாகச் சோடிக்கிற கதையாகவும் இருக்கலாம். அவ்வளவு சின்னப் பிள்ளைக்கு விளக்கு வைத்து நாள் காப்பார்களா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. செத்தது வேறு யாரோவாக இருக்கலாம். பால் வயதானவருக்கும் வைப்பார்கள். கேட்டுப் பார்க்க அந்த ஒழுங்கையில் இப்போது ஒரு மதில் துண்டுதான் நிற்கிறது. அந்த அக்கா ஏன் சொல்லவில்லை என்பதை மட்டும் நான் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. கல்நெஞ்சக்காரி என்று பெயர் எடுத்தாலும் பரவாயில்லை என்று, அம்மாவின் காதில் அந்தச் சொல்லை விழுத்தாமல் விழுங்கினார். அம்மாவும் ஐம்பது வருடம் அந்தப் பெயரைத்தான் அவருக்குக் கொடுத்தார். "இருபத்தோராவது வீடும் தந்ததுதான், அம்மா" என்று சொல்ல இப்போது அம்மாவும் இல்லை, தம்பியும் இல்லை.

பந்தைத் தூக்கிக்கொண்டு படலைக்கு ஓடினேன். அந்தப் பெண் ஒழுங்கைத் திருப்பத்தில் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம். எதிர்வீட்டு வாசலில் கதிரை போட்டு இரண்டு பேர் இருந்தார்கள். துடக்குக்காரி, தலை விரித்தபடி, பந்தோடு ஒழுங்கையில் ஓடினால் என்ன கதைப்பார்கள் என்று ஒரு யோசனை வந்தது. ஒரு யோசனைதான். அதற்குள் அவள் திருப்பத்தில் மறைந்துவிட்டாள்.

அந்த அக்காவோ மதிலுக்கு மேலால் கூப்பிட்ட சத்தத்துக்கும் நிற்காமல் ஓடி வந்தார். நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் நின்றாய் என்று கேட்காதீர்களடி, எனக்குத் தெரியாது. கால் இரண்டும் எனக்கு நல்ல சுகமாய்த்தான் இருந்தன.